மாறு காந்தத் தடை மோட்டார்கள்: மாதிரியாக்கமும் கட்டுப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாறு காந்தத் தடை மோட்டார், அதாவது ஸ்விட்ச்ட் ரிலக்டன்ஸ் மோட்டாரோடு முதன்முறை மல்லுக்கட்டும் மாணவர்களும் டிரைவ் (மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் அமைப்பு) எழுதும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சமன்பாடுகளைக் குறியீடுகளாக எழுதாமல் வார்த்தையிலேயே சொல்லியிருக்கிறேன். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

சுழலும் பாகமான ரோட்டாரில் காந்தமும் இல்லை, கம்பிச் சுற்றும் இல்லை. பிறகு எப்படிச் சுழல்கிறது?

காயிலின் வாயருகே ஓர் இரும்பாணியை வைத்து மின்சாரம் விட்டால் ஆணி உள்ளே இழுக்கப்படும். அதே இழுப்புதான் இங்கேயும். காந்தப் பாயம் காற்றைவிட இரும்பின் வழியாகவே போக விரும்பும். பாதையில் காற்று குறையக் குறைய, பாயத்துக்கு இருக்கும் தடையும் குறையும். அந்தத் தடைக்குத்தான் ரிலக்டன்ஸ், அதாவது காந்தத் தடை என்று பெயர். அசையாத வெளிப் பாகமான ஸ்டேட்டரில் ஒரு ஜோடித் துருவத்துக்கு மின்சாரம் கொடுத்தால், அருகிலுள்ள ரோட்டார் பல் அதற்கு நேராக வந்து நிற்கப் பார்க்கும். வந்து நிற்பதற்கு முன்பே அந்த ஃபேஸை (சேர்ந்து இயங்கும் அந்தத் துருவங்களின் சுற்றை) அணைத்துவிட்டு அடுத்ததைப் போட்டால் ரோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

பல் துருவத்துக்கு நேராக இருக்கும் நிலையை நேர்ப்பட்ட நிலை என்றும், இரண்டு பற்களின் நடுப்பள்ளம் துருவத்துக்கு நேராக இருக்கும் நிலையை விலகிய நிலை என்றும் இனிச் சொல்கிறேன். நேர்ப்பட்ட நிலையில் இண்டக்டன்ஸ் (ஓர் ஆம்பியருக்குச் சுற்றில் எவ்வளவு பாயம் சேர்கிறது என்பது) உச்சத்தில் இருக்கும். விலகிய நிலையில் அது அடிமட்டம்.

6/4, 8/6, 12/8 என்று எழுதுகிறார்களே, அது என்ன?

முதல் எண் ஸ்டேட்டர் துருவங்கள், இரண்டாவது ரோட்டார் பற்கள். 6/4 மோட்டாரில் மூன்று ஃபேஸ்கள். ரோட்டாருக்கு நான்கு பற்கள் என்பதால் ஒவ்வொரு ஃபேஸும் 90 டிகிரிக்கு ஒருமுறை அதே நிலைக்குத் திரும்பும். மூன்று ஃபேஸ்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒரு தள்ளலுக்கு 30 டிகிரி, ஒரு சுற்றுக்கு 12 தள்ளல்கள். 8/6 மோட்டாரில் நான்கு ஃபேஸ்கள், தள்ளலுக்கு 15 டிகிரி, சுற்றுக்கு 24 தள்ளல்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை தடுமாறுவார்கள்: 6/4 மோட்டாரில் ஃபேஸ்களை வலமாக வரிசைப்படுத்திப் போட்டால் ரோட்டார் இடமாகச் சுற்றும். அடுத்த துருவம் 60 டிகிரி தள்ளி இருக்கிறது. ரோட்டாரின் அடுத்த பல்லோ 90 டிகிரி தள்ளி இருக்கிறது. ஆகவே அந்தப் பல் 30 டிகிரி பின்னால் வந்துதான் துருவத்தோடு சேர முடியும். வயரிங்கில் தப்பு என்று நினைத்து இணைப்பைக் கழற்ற வேண்டாம்.

இது சமீபத்திய கண்டுபிடிப்பா?

இல்லை. 1842-இல் ராபர்ட் டேவிட்சன் எடின்பரோ–கிளாஸ்கோ ரயில் பாதையில் ஓட்டிய மின்சார எஞ்சின் இதே தத்துவத்தில் இயங்கியதுதான். அச்சோடு சேர்ந்த உருளையில் இருந்த இரும்புப் பட்டைகளை மின்காந்தங்கள் இழுத்தன. ஆனால் நேரம் பார்த்து மின்சாரத்தை அணைத்துப் போட இயந்திரத் தொடுமுனைகளை விட்டால் அன்றைக்கு வேறு வழி இல்லை. அதனால் அந்த எண்ணம் முன்னேறாமல் நின்றுபோனது. வேகமான பவர் எலக்ட்ரானிக்ஸ் ஸ்விட்சுகள் வந்த பிறகுதான் மறுபடி உயிர்பெற்றது. 1980-இல் லாரன்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பலரும் இதை மாறுவேக டிரைவாக மதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சின்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டாரும் இதுவும் ஒன்றா?

இரண்டிலும் டார்க் (சுழற்றும் விசை) பிறப்பது காந்தத் தடையின் மாற்றத்தால்தான். ஆனால் சின்க்ரனஸ் ரிலக்டன்ஸில் ஸ்டேட்டர், சாதாரண மூன்று ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டாரைப் போலவே சைன் அலையில் ஓடும். ரோட்டாரில் பாயத்துக்கு எளிதான அச்சு ஒன்று, கடினமான அச்சு ஒன்று என்று வெட்டியிருப்பார்கள். வழக்கமான வெக்டர் கண்ட்ரோலும் இன்வெர்ட்டரும் அப்படியே போதும். இந்தத் தொகுப்பு ஸ்டேட்டர், ரோட்டார் இரண்டிலும் பல் உள்ள ஸ்விட்ச்ட் வகையைப் பற்றியது. 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3 கார் மோட்டாரை ஸ்விட்ச்ட் ரிலக்டன்ஸ் என்று சிலர் எழுதுகிறார்கள். அதன் ரோட்டாரில் நிரந்தரக் காந்தங்கள் உண்டு. காந்த டார்க்கோடு ரிலக்டன்ஸ் டார்க்கும் கூடும் வகை அது.

மாதிரிக்கு எத்தனை சமன்பாடு தேவை?

ஒரு ஃபேஸுக்கு இரண்டு, சுழற்சிக்கு ஒன்று.

முதலாவது: கொடுக்கும் வோல்டேஜ் என்பது ரெசிஸ்டன்ஸில் விழும் பங்கும், பாயத் தொடர்பு (சுற்றின் எல்லாத் திருப்பங்களோடும் பிணைந்த மொத்தப் பாயம்) மாறும் வேகமும் சேர்ந்தது. இரண்டாவது: டார்க் என்பது, கரண்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு கோணத்தைச் சற்று நகர்த்தினால் கோஎனர்ஜி (கிடையச்சில் கரண்ட் வைத்து வரைந்த பாய வளைவின் கீழுள்ள பரப்பு) எவ்வளவு மாறுகிறது என்பது. இரும்பு தெவிட்டாத வரை, அதாவது கரண்டுக்கு ஏற்ற விகிதத்தில் பாயம் கூடிக்கொண்டே போகும் வரை, இரண்டாவது மிக எளிதாகிவிடும்: டார்க் = பாதி × கரண்டின் வர்க்கம் × கோணத்துக்கு இண்டக்டன்ஸ் ஏறும் சரிவு. கரண்ட் வர்க்கமாக வருவதால் அது எந்தத் திசையில் ஓடினாலும் டார்க் ஒன்றுதான். டார்க்கின் குறியைத் தீர்மானிப்பது இண்டக்டன்ஸின் சரிவு மட்டுமே. ஏறும்போது கரண்ட் இருந்தால் மோட்டார். இறங்கும்போது இருந்தால் பிரேக், அல்லது ஜெனரேட்டர்.

மூன்றாவது வழக்கமானது: மொத்த டார்க்கில் லோடையும் உராய்வையும் கழித்து இனர்ஷியாவால் வகுத்தால் முடுக்கம்.

எண்களை வைத்து ஒருமுறை காட்ட முடியுமா?

கட்டாயம். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் யாரும் கண்ட்ரோலர் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு 6/4 மோட்டார். விலகிய நிலையில் 8 மில்லிஹென்றி, நேர்ப்பட்ட நிலையில் 60. இந்த ஏற்றம் 30 டிகிரிக்குள், அதாவது 0.52 ரேடியனுக்குள் நடக்கிறது. சரிவு ஏறத்தாழ ரேடியனுக்கு 0.1 ஹென்றி. 10 ஆம்பியர் விட்டால் டார்க் = 0.5 × 100 × 0.1 = 5 நியூட்டன் மீட்டர். சப்ளை 300 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டன்ஸை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

வேகம் 1500 ஆர்பிஎம், அதாவது விநாடிக்கு 9000 டிகிரி. கரண்ட் 10 ஆம்பியருக்கு ஏற 8 மில்லிஹென்றி × 10 ÷ 300 = 0.27 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் ரோட்டார் 2.4 டிகிரி நகர்ந்திருக்கும். ஆக, பல் துருவத்தின் விளிம்பைத் தொடுவதற்கு 2.4 டிகிரி முன்பே ஸ்விட்சைப் போட்டாக வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் இதுவே 4.8 டிகிரி.

ஏறும்போது இவ்வளவு சுலபம். இறங்கும்போதுதான் அகப்பட்டுக்கொள்வோம். சரியாக நேர்ப்பட்ட நிலையில் அணைத்தால் சுற்றில் 60 மில்லிஹென்றி × 10 ஆம்பியர் = 0.6 வெபர் தேங்கியிருக்கிறது. மைனஸ் 300 வோல்ட் போட்டாலும் அது வடிய 2 மில்லிவிநாடி, 1500 ஆர்பிஎம்மில் 18 டிகிரி. அந்த நேரத்தில் பெரும்பகுதி ரோட்டார் எதிர்ப்பக்கச் சரிவில் இருக்கும். நாம் கொடுத்த டார்க்கை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். நேர்ப்பட்ட நிலைக்கு 8 டிகிரி முன்பே அணைத்துப் பாருங்கள். அங்கே இண்டக்டன்ஸ் 46 மில்லிஹென்றி, பாயம் 0.46 வெபர். நேர்ப்பட்ட நிலைக்கு வரும்போது 0.19 வெபர்தான் மிச்சம், கரண்ட் 3.2 ஆம்பியர். எதிர் டார்க் அரை நியூட்டன் மீட்டர் அளவில் தொடங்கி சீக்கிரம் செத்துவிடும்.

இன்னொன்றும் இதே கணக்கில் இருக்கிறது. சுழற்சியால் எழும் எதிர் வோல்டேஜ் = கரண்ட் × கோண வேகம் × சரிவு. 10 ஆம்பியரில் 1500 ஆர்பிஎம்முக்கு 157 வோல்ட். 3000-க்கு 314 வோல்ட், அதாவது சப்ளையைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து மேலே கரண்டைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை. இந்த மோட்டாரின் அடிப்படை வேகம் 3000-க்குச் சற்றுக் கீழே என்று ஒரு வரியில் தெரிந்துவிட்டது.

நேர்கோட்டு மாதிரியே இவ்வளவு சொல்கிறதே, தெவிட்டலை ஏன் சேர்க்க வேண்டும்?

மேலே போட்ட கணக்கு வழிகாட்டி மட்டுமே. நிஜ மோட்டாரில் பல்லின் முனைகள் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதே அந்த முனை இரும்பு தெவிட்டிவிடும். நேர்ப்பட்ட நிலையில் 60 மில்லிஹென்றி என்பது சின்னக் கரண்டுக்குத்தான். 10 ஆம்பியரில் அது கணிசமாகக் குறைவு.

தெவிட்டலை ஒரு குறையாகவே பார்ப்பவர்கள் அதிகம். ஆற்றல் கணக்கைப் பார்த்தால் எண்ணம் மாறும். கரண்டை நிலையாக வைத்து, தெவிட்டாத மோட்டாரில் பல்லை இழுத்தால், சப்ளை தரும் ஆற்றலில் சரிபாதிதான் அச்சுக்குப் போகும். மறுபாதி காந்தப்புலத்தில் தேங்கி, அணைக்கும்போது சப்ளைக்கே திரும்பும். அந்தப் பாதியைச் சும்மா ஏற்றி இறக்குவதற்காகவே இன்வெர்ட்டரின் அளவு பெரிதாகிறது. நேர்ப்பட்ட நிலையில் இரும்பு தெவிட்டினால் தேங்கும் பங்கு சுருங்கும். அச்சுக்குப் போகும் பங்கு பாதியைத் தாண்டும். நன்றாக வடிவமைத்த மோட்டார் தெவிட்டியே ஓடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கிடையச்சில் கரண்ட், நெடுக்கச்சில் பாயத் தொடர்பு வைத்து ஒரு தள்ளலை வரைந்தால் ஒரு மூடிய வளையம் கிடைக்கும். அதன் பரப்பளவுதான் அந்தத் தள்ளலில் அச்சுக்குப் போன வேலை. அதை ஃபேஸ் எண்ணிக்கையாலும் ரோட்டார் பற்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி 2π-ஆல் வகுத்தால் சராசரி டார்க். ஸ்விட்ச் கோணத்தை ஒரு டிகிரி மாற்றினால் வளையம் எப்படிப் பருக்கிறது, எப்படி ஒடுங்குகிறது என்று திரையில் பார்த்தவர்களுக்கு இந்த மோட்டாரைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒவ்வொரு கோணத்திலும் கரண்டுக்கு எவ்வளவு பாயம் என்று காட்டும் காந்தமாக்கல் வளைவுகளை எப்படிப் பெறுவது?

அளந்து பெறுங்கள். உங்கள் மேசையில் இருக்கும் அதே மோட்டாரை அளந்து பெறுங்கள். ஒரே வரைபடத்தில் செய்த இரண்டு மோட்டார்களின் காற்று இடைவெளியில் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே வளைவு மாறும். இடைவெளியே அரை மில்லிமீட்டர், அதற்கும் குறைவு என்னும்போது இதில் ஆச்சரியம் இல்லை.

முறை எளிது. மில்லிங் மெஷினில் பயன்படும் டிவைடிங் ஹெட் ஒன்றில் அச்சை இறுக்கிப் பிடியுங்கள். ஒரு கோணத்தில் பூட்டி, ஒரு ஃபேஸுக்கு டிசி வோல்டேஜை ஒரு துடிப்பாகக் கொடுத்து, ஆஸிலோஸ்கோப்பில் வோல்டேஜையும் கரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு கணத்திலும் வோல்டேஜிலிருந்து கரண்ட் × ரெசிஸ்டன்ஸைக் கழித்து, மிச்சத்தைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போனால் பாயத் தொடர்பு கிடைக்கும். சமச்சீர் இருப்பதால் 6/4 மோட்டாருக்கு விலகிய நிலையிலிருந்து நேர்ப்பட்ட நிலை வரை 45 டிகிரி போதும். ஒன்றரை டிகிரிக்கு ஒன்று என்றால் 31 நிலைகள்.

கெடுப்பவை இரண்டு. ஒன்று, அளக்கும்போதே தாமிரம் சூடாவது. 25 டிகிரி செல்சியஸ் ஏறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அதனால் துடிப்புகளுக்கு நடுவே ஆற விடுங்கள், ரெசிஸ்டன்ஸை அவ்வப்போது மறுபடி அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, கரண்ட் ப்ரோபின் ஆஃப்செட். கூட்டிக்கொண்டே போகும்போது மிகச் சிறிய ஆஃப்செட்டும் பூதாகரமாகும். கரண்ட் பூஜ்யத்துக்கு வந்த பிறகு பாயமும் பூஜ்யத்தை ஒட்டி வந்ததா என்று ஒவ்வொரு துடிப்பிலும் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பதிவைத் தூக்கிப் போடுங்கள்.

மோட்டாரைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள் இருக்கிறதே, அது போதாதா?

மோட்டார் இன்னும் செய்யப்படவில்லை என்றால் அதுதான் வழி. ஆனால் இரு பரிமாணக் கணக்கு விலகிய நிலை இண்டக்டன்ஸைக் குறைத்தே காட்டும். அங்கே பாயம் காற்றில் பரவி, சுற்றின் இரு முனைகளிலும் வெளியே வழிகிறது. இரு பரிமாணத்துக்கு அது தெரியாது. கரண்ட் ஏறும் நேரம் முழுக்க அந்த இண்டக்டன்ஸைச் சார்ந்தது என்பதால் ஸ்விட்ச் கோணம் நேராகவே பிழைபடும்.

அளந்த அட்டவணையைச் சிமுலேஷனில் எப்படிப் போடுவது?

பாயத் தொடர்பையே நிலை மாறியாக வையுங்கள். ரெசிஸ்டன்ஸ் பங்கைக் கழித்த வோல்டேஜைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போய்ப் பாயத்தைப் பெறுங்கள். பாயமும் கோணமும் தெரிந்தால் கரண்ட் என்ன என்று தலைகீழாக்கிய அட்டவணையிலிருந்து எடுங்கள். கரண்டை நிலை மாறியாக வைத்தால் அட்டவணையை இரண்டு திசையில் வகையிட வேண்டிவரும், அளவீட்டின் இரைச்சல் எல்லாம் பெருகி வந்து நிற்கும். டார்க்குக்குத் தனி அட்டவணை: முதலில் பாயத்தைக் கரண்டோடு கூட்டிக் கோஎனர்ஜி, பிறகு கோணத்தோடு வகையிடல். அதை அச்சில் மாட்டிய ஒரு நெம்புகோல் தடியும் லோட் செல்லும் (விசை அளக்கும் கருவி) வைத்து நாலைந்து இடத்தில் நேராக அளந்து சரிபாருங்கள்.

அட்டவணைக்குப் பதில் ஒரு சூத்திரம் வேண்டுமானால், பாயம் ஓர் உச்ச மதிப்பை நோக்கி அடுக்குக்குறி வளைவாக நெருங்குகிறது, நெருங்கும் வேகம் கோணத்தைப் பொறுத்தது என்று எழுதும் வடிவம் நன்றாகவே பொருந்தும். ஃபேஸ்களுக்கு இடையிலான பரஸ்பரத் தூண்டலைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். இரண்டு ஃபேஸ்களைச் சேர்த்து ஓட்டி, இரும்பும் தெவிட்டியிருந்தால் விட முடியாது.

சாதாரண மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரை ஏன் பயன்படுத்துவதில்லை?

கரண்டுக்குத் திசை மாற வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஃபேஸையும் தனித்தனியாக ஏற்றி இறக்க வேண்டும். இதற்குத்தான் அசிமெட்ரிக் ஹாஃப் பிரிட்ஜ்: ஃபேஸுக்கு இரண்டு ஸ்விட்ச், இரண்டு டையோடு. இரண்டு ஸ்விட்சுகளையும் போட்டால் முழு வோல்டேஜ். ஒன்றை மட்டும் அணைத்தால் கரண்ட் உள்ளேயே சுற்றும், வோல்டேஜ் பூஜ்யம். இரண்டையும் அணைத்தால் டையோடு வழியாக மைனஸ் முழு வோல்டேஜ். இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவே எப்போதும் காயில் இருப்பதால், தவறி இரண்டும் சேர்ந்து போட்டாலும் சப்ளை நேரடியாகக் குறுக்கடையாது. ஒரு ஃபேஸ் போனாலும் மற்றவை ஓடும். பழுதைத் தாங்க வேண்டிய இடங்களில் இந்த மோட்டாரை நான் மனதாரப் பரிந்துரைப்பது இதனால்தான்.

கரண்ட் கண்ட்ரோலரில் பிஐ (பிழையையும் அதன் கூட்டுத்தொகையையும் வைத்துத் திருத்தும் முறை) போட்டேன். சில கோணங்களில் நடுங்குகிறது, சில கோணங்களில் தூங்குகிறது. ஏன்?

மேலே உள்ள மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். விலகிய நிலையில் 300 வோல்ட் போட்டால் கரண்ட் மில்லிவிநாடிக்கு 37.5 ஆம்பியர் ஏறும். நேர்ப்பட்ட நிலை அருகே 5 ஆம்பியர்தான். ஏழரை மடங்கு வித்தியாசம். ஒரே கெயின் இரண்டுக்கும் பொருந்தாது. கோணத்தையும் கரண்டையும் வைத்துக் கெயினை மாற்றுங்கள். எதிர் வோல்டேஜை அட்டவணையிலிருந்து கணக்கிட்டு முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

கரண்ட் ஒரு பட்டையின் மேல் விளிம்பைத் தொட்டால் அணைத்து, கீழ் விளிம்பைத் தொட்டால் போடும் ஹிஸ்டெரிசிஸ் முறைக்கும் இதே எச்சரிக்கை. 10 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்தால் விலகிய நிலையில் ஒரு சாம்பிளுக்கு 3.75 ஆம்பியர் ஏறும். அரை ஆம்பியர் பட்டை வைத்திருக்கிறேன் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

வேகம் கூடினால் கட்டுப்பாட்டு முறை மாறுமா?

முற்றிலும். அடிப்படை வேகத்துக்குக் கீழே கரண்டை வெட்டி வெட்டி விரும்பிய அளவில் நிறுத்தலாம். அதற்கு மேலே ஒரு தள்ளலுக்கு ஒரே துடிப்புதான். உங்கள் கையில் மிஞ்சுவது இரண்டு கோணங்கள் மட்டும்: எப்போது போடுவது, எப்போது அணைப்பது. வேகம் ஏற ஏறப் போடும் கோணத்தை முன்னால் நகர்த்தினால் பவரை ஓரளவு நிலையாக வைத்திருக்கலாம். நகர்த்த இடமில்லாமல் போன பிறகு டார்க் வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகச் சரியும். கோணங்களை வேகத்துக்கும் டார்க்குக்கும் அட்டவணையாக, சிமுலேஷனில் தேடி வைத்துக்கொள்வதே நடைமுறை.

டார்க் அதிர்வைக் குறைக்க முடியுமா?

குறைந்த வேகத்தில் நன்றாகவே முடியும். ஒரு ஃபேஸ் ஓயும்போது அடுத்தது ஏற்றுக்கொள்ளும் இடைவெளியில்தான் பள்ளம் விழுகிறது. டார்க் பங்கீட்டுச் சார்பு என்பது, அந்த இடைவெளியில் யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்று கோணத்தோடு பிரித்துக் கொடுப்பது. பிரித்த பங்கைக் கரண்டாக மாற்ற, அளந்த அட்டவணை வேண்டும். மாதிரி தப்பென்றால் அதிர்வு குறையாது, வேறு இடத்துக்கு மாறும். வேகம் கூடினால் கேட்ட கரண்ட் வடிவத்தைத் தர வோல்டேஜ் இருக்காது. அப்போது இந்த முறை வலுவிழக்கும்.

இரைச்சல்?

அது வேறு கதை. டார்க்கைத் தரும் விசையைவிடப் பல மடங்கு பெரிய ஆர விசை (மையத்தை நோக்கிய விசை) ஸ்டேட்டரை உள்ளே இழுத்து முட்டை வடிவமாக்குகிறது. அணைக்கும் கணத்தில் அந்த விசை திடீரென்று விடுபடும்போது ஸ்டேட்டர் மணிபோல ஒலிக்கும். அதன் இயல்பு அதிர்வெண் 2500 ஹெர்ட்ஸ் என்றால் அரைச் சுழற்சி 0.2 மில்லிவிநாடி. முதலில் முழு வோல்டேஜிலிருந்து பூஜ்யத்துக்கு வாருங்கள், 0.2 மில்லிவிநாடி கழித்து மைனஸுக்குப் போங்கள். இரண்டு உதைகளும் எதிரெதிர்க் கட்டத்தில் விழுந்து ஒன்றையொன்று அடக்கும். முதல்முறை இதைச் செய்து காதால் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கோண சென்சார் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

6/4 மோட்டாரில் 2 டிகிரிப் பிழை என்பது மின் கணக்கில் 8 டிகிரி. ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் ஒரு மோட்டார் ஒரு திசையில் நன்றாக இழுத்தது, மறுதிசையில் அதே கரண்டுக்குச் சோர்ந்து போனது. இரண்டு நாள் கண்ட்ரோலரைக் குடைந்தோம். கடைசியில் என்கோடரை (கோண சென்சாரை) அச்சோடு இணைக்கும் கப்ளிங்கின் திருகு நழுவி மூன்று டிகிரி விலகியிருந்தது தெரிந்தது. ஒரு திசையில் முன்கூட்டியே, மறுதிசையில் தாமதமாக ஸ்விட்ச் விழுந்திருக்கிறது. இரு திசை டார்க்கும் ஒத்து வரவில்லை என்றால் முதலில் சென்சாரைப் பாருங்கள்.

சென்சாரே இல்லாமலும் ஓட்டலாம். ஓடும்போது பாயத்தைக் கணக்கிட்டு, கரண்டையும் சேர்த்து அட்டவணையைத் தலைகீழாகப் படித்தால் கோணம் வரும். நிற்கும்போதும் மெதுவாகச் சுற்றும்போதும், ஓய்ந்திருக்கும் ஃபேஸில் சிறு வோல்டேஜ் துடிப்பு கொடுத்துக் கரண்ட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து இண்டக்டன்ஸை ஊகிக்கலாம்.

புது டிரைவை முதல்முறை ஓட்டும்போது எந்த வரிசையில் போவது?

லோடு இல்லாமல், சப்ளையைப் பத்தில் ஒரு பங்காக வைத்து, ஒரு ஃபேஸில் மட்டும் சிறு கரண்ட் விடுங்கள். ரோட்டார் ஒரு துள்ளலோடு நேர்ப்பட்டு நிற்கும். அந்தக் கோணத்தை என்கோடரில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஃபேஸ்களுக்கும் இதையே செய்து, 6/4 மோட்டாரில் இடைவெளி 30 டிகிரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு அச்சைப் பூட்டி, கரண்ட் லூப்பை நேர்ப்பட்ட நிலையிலும் விலகிய நிலையிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். அதன்பிறகே பூட்டை எடுத்து, எச்சரிக்கையான கோணங்களோடு, குறிப்பாகச் சீக்கிரமே அணைக்கும் கோணத்தோடு, மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஆஸிலோஸ்கோப்பில் ஒவ்வொரு ஃபேஸின் கரண்டும் நேர்ப்பட்ட நிலையைத் தாண்டி வால் நீட்டாமல் பூஜ்யத்துக்கு வந்தால் சப்ளையை உயர்த்தலாம்.